சாமான் விலை தெரியும், அதுக்கு உயிர் விலை கொடுத்தது யார்?

(கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை வட்டாரக் கிராமக் கூட்டங்களில் சங்கத்தின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



டயர், செல்போன், செங்கல், அரிசி, தண்ணீர். இந்த ஐந்து சாமானைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம். ஐந்தும் நம்ம மாவட்டத்தோடு சம்பந்தப்பட்டவை. ஐந்தும் நம்ம வீட்டில் இருப்பவை. ஒவ்வொன்றுக்கும் கடையில் என்ன விலை என்று நமக்குத் தெரியும். அந்த விலைச்சீட்டில் ஏறாத இன்னொரு செலவு இருக்கிறது. ஒரு ஊரின் மேய்ச்சல் நிலம், ஒரு பெண்ணின் உடம்பு, ஒரு குழந்தையின் படிப்பு, ஒரு குடும்பத்தின் சுதந்திரம். அந்தச் செலவைக் கம்பெனியும் கட்டவில்லை, கடைக்காரனும் கட்டவில்லை. வேறு யாரோ கட்டியிருக்கிறார்கள்.

"சங்கக் கூட்டத்தில் நெல் விலை பேசுங்க, கரண்டு பேசுங்க, உரம் பேசுங்க. இதெல்லாம் எதுக்குங்க?" என்று சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லாமல் போக மாட்டோம். நம்ம நெல்லுக்கு ஏன் விலை இல்லை என்ற கேள்விக்கும், செங்கல் சூளையில் ஒடிசாக்காரக் குடும்பம் ஏன் அடைபட்டுக் கிடந்தது என்ற கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதைக் கடைசியில் காட்டுகிறோம்.

வாங்குகிற கைக்குப் பொறுப்பு உண்டா?

இந்தக் கேள்வி புதுசு இல்லை. திருக்குறளில் புலால் மறுத்தல் அதிகாரத்தில், 256-ஆம் குறளில், இந்தக் கேள்விக்கு வள்ளுவர் பதில் சொல்லிவிட்டார். கறி தின்னலாமா கூடாதா என்பது வேறு பேச்சு, அவரவர் விருப்பம். அதில் இருக்கிற கணக்கை மட்டும் பாருங்கள். "நான் வெட்டலை, காசு கொடுத்து வாங்கினேன், அவ்வளவுதான்" என்று ஒருத்தன் தப்பித்துக்கொள்ள முடியாது. வாங்குகிற கை இருப்பதால்தான் அறுக்கிற கத்தி இருக்கிறது. இதுதான் அந்தக் கணக்கு.

இங்கிலாந்தில் 1791-ல் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் இருந்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகள் சாட்டையடி வாங்கி விளைவித்த கரும்பிலிருந்துதான் அன்றைக்கு அங்கே சர்க்கரை வந்தது. அந்தச் சர்க்கரையை வாங்க மாட்டோம் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிறுத்தின. 1807-ல் அடிமை வியாபாரம் தடையானது. 1833-ல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது. நல்ல காரியம்தான். அதற்குப் பிறகு என்ன நடந்தது தெரியுமா? அடிமை போன இடத்துக்கு ஒப்பந்தக் கூலியைத் தேடினார்கள். 1834 முதல் மொரீசியஸ் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏற்றப்பட்டவர்களில் நம்ம தமிழ்ச் சனங்களும் உண்டு. சர்க்கரை டப்பா அதேதான், பாரம் சுமந்த முதுகு மட்டும் மாறியது.

இதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று, வாங்குகிறவர்கள் சேர்ந்து நின்றால் பெரிய முதலாளியும் ஆடிப்போவான். இரண்டு, வாங்குவதை நிறுத்தினால் மட்டும் போதாது. கூலிக்காரனுக்குச் சங்கமும், நிலத்துக்குப் பாதுகாப்பும், சட்டத்துக்குப் பல்லும் இல்லையென்றால் பாரம் இன்னொரு ஏழை தலைக்குத்தான் மாறும். இந்த இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டு நம்ம மாவட்டத்துக்கு வருவோம்.

டயர்: தேர்வாய்கண்டிகை

கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தேர்வாய்கண்டிகை. பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள் வாழும் ஊர். ஊரை ஒட்டி மேய்க்கால் நிலமும் காடும் இருந்தன. மாடு ஆடு மேய்ந்த இடம், விறகும் மூலிகையும் எடுத்த இடம். மழை பெய்தால் அந்த மேட்டில் விழுந்த தண்ணீர்தான் கீழே இருக்கிற ஏரிகளுக்கு ஓடி வரும். அங்கே 1,127 ஏக்கரில் சிப்காட் தொழிற்பூங்கா என்று அரசு முடிவெடுத்தது. 2009-ல் பிரான்சு நாட்டு மிஷலின் டயர் கம்பெனியோடு 4,000 கோடி ரூபாய் முதலீட்டுக்கு ஒப்பந்தம் போடப்பட்டது.

ஊர் மக்கள் சும்மா இருக்கவில்லை. கிராமசபையில் தீர்மானம், உண்ணாவிரதம், மறியல், கோர்ட்டு என்று எல்லா வழியிலும் போராடினார்கள். பெண்கள் முன்னால் நின்றார்கள். கைதானார்கள், வழக்கு சுமந்தார்கள். ஆனாலும் மரங்கள் வெட்டப்பட்டன.

இங்கே ஒரு சூட்சுமத்தை நாம் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். பட்டா நிலத்தை எடுத்தால் நோட்டீசு கொடுக்கணும், இழப்பீடு கொடுக்கணும், கோர்ட்டில் நிற்கணும். புறம்போக்கை எடுத்தால்? "அரசு நிலம், அரசு எடுத்துக்கொண்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நூறு வருசமாக ஒரு ஊரே அதில் பிழைத்திருந்தாலும் காகிதத்தில் யாருக்கும் நஷ்டம் இல்லை! நிலம் இல்லாதவனுக்கு இரண்டு மாடுதான் சொத்து. அந்த மாட்டுக்கு மேய்க்கால்தான் வயிறு. மேய்க்கால் போனால் மாடு போகும். மாடு போனால் பாலும் போகும், எருவும் போகும், பள்ளிக்கூடச் செலவும் போகும். இந்த நஷ்டத்தை எந்த தாசில்தார் கணக்கில் எழுதினார்?

2012 ஜூலையில் இந்த விவகாரம் பாரீசுக்கே போனது. ஓ.இ.சி.டி. என்று பணக்கார நாடுகளின் அமைப்பு ஒன்று இருக்கிறது. தங்கள் நாட்டுக் கம்பெனிகள் வெளிநாட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அது வழிகாட்டுநெறி வைத்திருக்கிறது. அதன்படி பிரான்சு அரசின் தொடர்பு மையத்தில் புகார் கொடுக்கப்பட்டது. தேர்வாய் மக்கள் சங்கமும் தமிழ்நாட்டு நில உரிமை அமைப்பும் கொடுத்த அந்தப் புகாரில் பிரான்சின் பெரிய தொழிற்சங்கமான சி.ஜி.டி.யும் கையெழுத்துப் போட்டது. கம்பெனியின் சொந்த நாட்டுத் தொழிலாளிகளின் சங்கம் நம்ம ஊர் மாடு மேய்க்கிறவர்கள் பக்கம் நின்றது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

முடிவு? 2013 செப்டம்பரில் அந்த மையம் கம்பெனி மீது பெரிய குற்றம் காணாமல், இனிமேல் இப்படி இப்படிச் செய்யுங்கள் என்று சில பரிந்துரைகளோடு விவகாரத்தை முடித்தது. புகார் கொடுத்த அமைப்புகள் அந்த நடைமுறையில் நம்பிக்கை இழந்து விலகின. ஆலை எழும்பியது. லாரிக்கும் பஸ்சுக்கும் டயர் உருண்டு வருகிறது.

மிஷலின் என்ற பெயரை உலகத்தில் பாதிப் பேருக்கு டயருக்காக மட்டும் தெரியாது. 1900-லிருந்து அந்தக் கம்பெனி ஒரு வழிகாட்டிப் புத்தகம் போடுகிறது. எந்த ஓட்டலில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று நட்சத்திரம் கொடுக்கிற புத்தகம் அது. ஊருக்கெல்லாம் சாப்பாட்டுக்கு நட்சத்திரம் போடுகிற பேரேட்டில், தேர்வாய் மாட்டுக்குப் போன சாப்பாட்டுக்கு ஒரு பக்கம் உண்டா?

நாம் தொழிற்சாலைக்கு எதிரிகள் இல்லை. நம்ம பிள்ளைகளும் வேலைக்குப் போக வேண்டியவர்கள்தான். தரிசான இடம் பாருங்க, ஊரைக் கேளுங்க, நீர்வரத்தைத் தொடாதீங்க, வேலையைக் காண்டிராக்டில் தள்ளாமல் நிரந்தரமாகக் கொடுங்க. இதைத்தானே கேட்கிறோம்? இது வளர்ச்சிக்கு விரோதமா?

செல்போன்: ஒரு வேளைச் சோறு

2021 டிசம்பர். சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஆப்பிள் கம்பெனிக்குச் செல்போன் பொருத்திக் கொடுக்கும் ஃபாக்ஸ்கான் ஆலை. அங்கே வேலை பார்த்த பெண்களைப் பூந்தமல்லி பக்கம், நம்ம திருவள்ளூர் மாவட்ட எல்லைக்குள், விடுதிகளில் தங்க வைத்திருந்தார்கள். விடுதிச் சாப்பாடு விஷமாகி, 159 பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் செத்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. உண்மை என்ன என்று சொல்ல ஆள் இல்லை. பெண்கள் ராத்திரியோடு ராத்திரியாகச் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள்.

அவர்கள் யார்? நம்மைப் போன்ற குடும்பத்துப் பெண்கள். கிராமத்தில் விவசாயம் கட்டுப்படியாகாமல், அப்பாவின் கடனுக்கும் தம்பி படிப்புக்கும் சம்பாதிக்கப் போன பிள்ளைகள். லட்ச ரூபாய் போன் செய்கிற பிள்ளைக்கு ஒழுங்கான சோறு இல்லை, படுக்க இடம் இல்லை.

அப்புறம் என்ன நடந்தது? செய்தி உலகம் முழுக்கப் போனது. அமெரிக்காவில் போன் வாங்குகிறவன் கேள்வி கேட்பான் என்ற பயம் வந்தது. அந்த மாதக் கடைசிக்குள் ஆப்பிள் கம்பெனி அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. விடுதியும் சமையலறையும் தரத்துக்கு ஏற்றபடி இல்லை என்று ஒப்புக்கொண்டது. டிசம்பர் 18-ல் மூடிய ஆலை 2022 ஜனவரி 12-ல்தான் திறந்தது.

பங்களாதேசத்தில் இதைவிடக் கொடுமை நடந்தது. 2013 ஏப்ரல் 24, டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து 1,134 தையல் தொழிலாளர்கள் செத்தார்கள். சுவரில் விரிசல் முதல் நாளே தெரிந்தும் வேலைக்கு வரச் சொன்னார்கள். ஐரோப்பாவில் விற்கிற சட்டையின் சீட்டு இடிபாட்டுக்குள் கிடந்தது. அதற்குப் பிறகு, பெரிய துணிக் கம்பெனிகள் தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டி வந்தது.

இதில் ஒன்று கவனியுங்கள். பெயர் இருக்கிற சாமானுக்கு மானம் இருக்கிறது. ஆப்பிள் என்று பெயர் இருக்கிறது, அதைக் காப்பாற்ற ஓடி வருவான். பெயரே இல்லாத சாமானுக்கு யார் ஓடி வருவார்கள்? செங்கல்லுக்கு யார் வருவார்கள்?

செங்கல்: முன்பணத்தில் கட்டிய வீடு

சென்னையில் எழும்பி நிற்கிற மாடிகளுக்குச் செங்கல் நம்ம மாவட்டச் சூளைகளிலிருந்து போகிறது. கல் அறுக்கிறவர்கள் பெரும்பாலும் மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா, காளஹண்டி பகுதிச் சனங்கள். அவர்களும் நம்மைப் போலச் சிறு விவசாயிகள்தான், கூலி விவசாயிகள்தான். அங்கே மழை பொய்க்கும், அறுப்பு முடிந்ததும் வீட்டில் தானியம் தீரும். அந்த நேரம் பார்த்து 'சர்தார்' என்கிற தரகன் வருவான். கையில் முன்பணம் கொடுப்பான். புருசன், பெண்டாட்டி, பிள்ளை என்று குடும்பத்தையே ரயில் ஏற்றுவான்.

இங்கே வந்தால் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. அதைக் கையில் கொடுக்க மாட்டார்கள், முன்பணத்தில் கழிப்பார்கள். வாரத்துக்குச் சாப்பாட்டுக்கு மட்டும் கொஞ்சம் காசு. மழை பெய்து பச்சைக் கல் கரைந்தால் அந்த நஷ்டமும் தொழிலாளி தலையில். கணக்கு நோட்டு முதலாளி கையில். ஊருக்குப் போகணும் என்றால், "கணக்கு முடியலை, குடும்பத்தில் ஒருத்தரை விட்டுட்டுப் போ." இதற்குப் பெயர்தான் கொத்தடிமை. சங்கிலி கண்ணுக்குத் தெரியாது. அது நோட்டுப் புத்தகத்தில் இருக்கும்.

2011-க்குப் பிறகு நம்ம திருவள்ளூர் மாவட்டச் சூளைகளிலிருந்து, ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் என்கிற அளவில், பலமுறை அதிகாரிகள் மீட்டிருக்கிறார்கள். அவர்களில் சின்னப் பிள்ளைகளும் உண்டு. சூளைப் பகுதிகளில் ஒடியா மொழியில் பாடம் சொல்ல வகுப்புகள் நடத்த வேண்டி வந்தது என்றால், எத்தனை பிள்ளைகள் அங்கே களிமண்ணில் கிடந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. அந்தச் சட்டப்படி முன்பணக் கடன் செல்லாது. திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. கேட்பவனுக்குத்தான் தண்டனை. மூன்று வருசம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். ஆமாம், இரண்டாயிரம்தான்! ஒரு மனிதனை அடிமையாக வைத்ததற்கு அபராதம், இன்றைக்கு ஒரு லோடு எம்-சாண்டு விலைகூட இல்லை. 1995-ல் உச்சநீதிமன்றம் நியமித்த குழு தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் கொத்தடிமைகள் இருப்பதாக அறிக்கை கொடுத்தது. அரசு ஒப்புக்கொண்ட எண்ணிக்கை அதில் சின்னத் துளிதான். இல்லை என்று சொல்லிவிட்டால் மறுவாழ்வுப் பணம் கொடுக்க வேண்டாம் அல்லவா?

செங்கல் நம்மைத் தொடுகிற இன்னொரு இடமும் உண்டு. மண்! சூளைக்கு மண் எங்கிருந்து வருகிறது? ஏரியிலிருந்தும் வயலிலிருந்தும்தான். "மேல் மண்ணைக் கொடுங்க, பள்ளமா இருந்தா தண்ணி நல்லா நிக்கும்" என்று தரகன் நயமாகப் பேசுவான். ஒரு அங்குல மேல் மண் உருவாகப் பல நூறு வருசம் ஆகும். விற்ற காசு ஒரு கல்யாணத்துக்குப் பத்தாது. அப்புறம் மூட்டை மூட்டையாக யூரியா கொட்டினாலும் பழைய விளைச்சல் வராது. மண்ணை விற்கிற விவசாயியும் முன்பணம் வாங்குகிற கூலியும் ஒரே தரகனின் வலையில்தான் விழுகிறார்கள்.

அரிசி: நம்ம நெல் போகிற இடம்

நாம் விளைவிக்கிற நெல் களத்திலிருந்து எங்கே போகிறது? செங்குன்றம் போகிறது. அங்கே மண்டி, அங்கே அரிசி ஆலை. புழுங்கலரிசி என்றால் நெல்லைத் தொட்டியில் ஊறப்போட்டு, அவித்து, களத்தில் கொட்டி, காயக் காயக் காலால் கிளறணும். நடுராத்திரி அவிப்பு, உச்சி வெயிலில் கிளறல். இந்த வேலையை யார் செய்தார்கள்? இருளர் குடும்பங்கள். சில ஆயிரம் ரூபாய் முன்பணத்துக்காக ஆலைக்குள்ளேயே வருசக்கணக்கில் அடைபட்டு, அப்பன் கடனைப் பிள்ளை சுமந்து வேலை செய்தார்கள். சாவுக்குப் போகணும் என்றாலும் முதலாளியிடம் அனுமதி. 2000-களில் செங்குன்றம் வட்டார ஆலைகளிலிருந்து இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டபோதுதான் வெளியுலகத்துக்கு இது தெரிந்தது. இப்போது பல ஆலைகளில் டிரையர் மெஷின் வந்துவிட்டது. ஆனாலும் மரம் வெட்டில், சூளையில், தோப்புக் காவலில் என்று இருளர் முன்பணத்தில் மாட்டுகிற கதை முடியவில்லை.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். "நம்ம நெல்லுக்கே விலை இல்லை, இதை ஏன் பேசணும்?"

ஏன் என்றால், நெல் விலை கேட்டு நாம் போகும்போது வியாபாரி என்ன சொல்கிறான்? "கூலி ஏறிப்போச்சு, கட்டுப்படி ஆகலை." கூலி கேட்டு ஆள் போகும்போது அவனிடம் என்ன சொல்கிறான்? "நெல் விலை ஏறிப்போச்சு, கட்டுப்படி ஆகலை." நம்மைக் காட்டி அவனை அடிக்கிறான், அவனைக் காட்டி நம்மை அடிக்கிறான். சாட்டை ஒன்றுதான். அடிமைக் கூலியில் அரிசி ஆக்க முடியும் என்றால், நியாயக் கூலி கொடுக்கிற ஆலைக்காரனும் போட்டியில் நிற்க முடியாது. அவனும் நம்ம நெல்லில்தான் கை வைப்பான். ஆலைக்குள் ஒருத்தன் மலிவாகக் கிடைத்தால், களத்தில் நம்ம உழைப்பும் மலிவாகும். இருளர் விடுதலை வேறு, விவசாயி விலை வேறு என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

தண்ணீர்: குடிப்பவன் ஒருத்தன், உவர்ப்பு ஒருத்தனுக்கு

சென்னைக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற ஏரிகளில் பூண்டி, சோழவரம், புழல் மூன்றும் நம்ம மாவட்டம். 2020 நவம்பரில் கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கத்தையும் 380 கோடி ரூபாய் செலவில் திறந்தார்கள். ஆமாம், அதே தேர்வாய்தான்! மேய்க்காலைத் தொழிற்பூங்காவுக்குக் கொடுத்த ஊர், ஏரியையும் பட்டணத்துக்குக் கொடுத்தது.

ஏரி போதாது என்று பூமிக்குள்ளும் கை வைத்தார்கள். 1960-களின் கடைசியிலிருந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் கிணற்று வயல்கள் அமைத்து ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையிலிருந்து இரவு பகலாக உறிஞ்சினார்கள். வறட்சி வந்தால் விவசாயக் கிணற்றுத் தண்ணீரையும் விலைக்கு வாங்கினார்கள். கரம்பாகக் கிடக்கும் நிலத்துக்கு நடுவில் தண்ணீர் லாரி நின்றது. நல்ல தண்ணீர் மட்டம் இறங்கினால் கடல் சும்மா இருக்குமா? மீஞ்சூர்ப் பக்கம் உவர் உள்ளே ஏறியது. மூன்று போகம் பார்த்த பூமி பயிருக்கு உதவாமல் போனது. அதற்கப்புறம் அதே மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில், கடல் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் ஆலையை 2010-ல் திறந்தார்கள். ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். பட்டணத்துக்கு உப்பு நீக்கிக் கொடுக்க இயந்திரம் இருக்கிறது. நம்ம கிணற்றில் ஏறிய உப்பை நீக்க என்ன இருக்கிறது?

பட்டணத்து மக்கள் நமக்கு எதிரி இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் கொடுக்கிற சனம்தான் நாம். பூந்தொட்டிக்கும் கார் கழுவவும் போகிற தண்ணீருக்கு ஒரு விவசாயக் குடும்பம் நிலத்தைக் கரம்பாக விட்டிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியணும். அந்தச் செலவை அரசு நமக்குக் கட்டணும். அதுதான் நம்ம கோரிக்கை.

நாம் என்ன செய்யலாம்?

"ஏழை எதைப் பார்த்து வாங்குவான்? எது மலிவோ அதைத்தான் வாங்குவான்" என்பீர்கள். உண்மை. கையில் காசு இருக்கிறவன் போல நாம் கடை கடையாகத் தேர்ந்தெடுக்க முடியாது. அதனால் கையில் இல்லாததைச் செய்யச் சொல்லவில்லை. கையில் இருப்பதைச் சொல்கிறோம்.

வீடு கட்டுகிறீர்களா? செங்கல் வாங்கும் சூளைக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். பிள்ளைகள் கல் சுமக்கிறார்களா? வாரக் கூலி கையில் கொடுக்கிறார்களா? ஊருக்குப் போக விடுகிறார்களா? மூன்று கேள்வி போதும். தப்பு தெரிந்தால் கோட்டாட்சியருக்கோ ஆட்சியருக்கோ மனு எழுதுங்கள். எழுத வராதவர்களுக்குச் சங்கம் எழுதித் தரும். மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். 2016-ஆம் வருசத்து மத்திய அரசுத் திட்டப்படி ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு 3 லட்சம் வரை மறுவாழ்வுத் தொகை உண்டு.

நம்ம தோட்டத்தில், தோப்பில் வேலைக்கு ஆள் வைத்தால் அன்றைக்குக் கூலி அன்றைக்கே. முன்பணம் கொடுத்தால் அது உதவிதான். ஆளைக் கட்டிப்போடுகிற கயிறாக அது ஆகக் கூடாது. சங்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் இது பொருந்தும்.

டிராக்டர் பேட்டரி, இன்வர்ட்டர் பேட்டரி பழசானால் தெருவில் வரும் பழைய இரும்புக்காரனிடம் போடாதீர்கள். அதை வெட்டவெளியில் உடைத்து ஈயம் உருக்குவார்கள். ஈயப் புகையும் ஆசிட்டும் மண்ணில் இறங்கினால் லேசில் போகாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2001 முதலே பழைய பேட்டரியைத் திரும்ப எடுக்கும் பொறுப்பைக் கம்பெனி மேலும் டீலர் மேலும் விதி வைத்திருக்கிறது. 2022-ல் புது விதியும் வந்தது. புதுசு வாங்கும் கடையிலேயே பழசைக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

மேல் மண்ணை விற்காதீர்கள். ஊருக்கு ஊர் மேய்க்கால், ஏரி, ஓடை, தோப்புப் புறம்போக்கு எவ்வளவு என்று கிராமக் கணக்கில் பார்த்து எழுதி வையுங்கள். பட்டியல் இல்லாத சொத்து களவு போனால் புகார்கூடக் கொடுக்க முடியாது. ஊர்ப் பொதுநிலத்தைக் காக்க வேண்டும் என்று 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டிருக்கிறது. அந்தத் தீர்ப்பை முன்வைத்து ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று எந்தக் கிராமசபை வந்தாலும் தீர்மானம் போடுங்கள். தேர்வாய் மக்களுக்குப் போனது போனதுதான். அவர்கள் போராடிக் கற்ற பாடம் நமக்கு உதவட்டும்.

ஏன் அவசரம் என்று கேட்பீர்கள். 2023-ல் சட்டமன்றத்தில் நில ஒருங்கிணைப்புச் சட்டம் என்று சிறப்புத் திட்டங்களுக்காக ஒன்றை நிறைவேற்றினார்கள். 2024-ல் அது நடைமுறைக்கு வந்தது. 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டம் என்றால், உள்ளே ஏரி, ஓடை, வாய்க்கால் இருந்தாலும் சேர்த்துக் கொடுக்க வழி செய்கிற சட்டம் இது. தேர்வாயில் மேட்டு நிலம் போனது. இனிமேல் நீர்நிலையே போகும்.

நம் கோரிக்கைகள்

1. நில ஒருங்கிணைப்புச் சட்டத்தைத் திரும்பப் பெறு!
2. மேய்க்கால், ஏரி, ஓடைப் புறம்போக்கைக் கிராமசபை ஒப்புதல் இல்லாமல் யாருக்கும் கொடுக்காதே!
3. திருவள்ளூர் மாவட்டச் சூளைகள், அரிசி ஆலைகளில் கொத்தடிமை ஒழிப்புக் கண்காணிப்புக் குழுவை முறையாகக் கூட்டி, ஆய்வு முடிவை வெளியிடு!
4. கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமங்களின் கிணற்று நீரையும் மண்ணையும் வருசம்தோறும் பரிசோதித்து, முடிவைத் தமிழில் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டு!
5. சென்னைக்குத் தண்ணீர் கொடுத்து உவர்ப்பேறிய கிராமங்களுக்கு நஷ்டஈடும் மாற்றுப் பாசன வசதியும் கொடு!
6. சிப்காட் ஆலைகளில் உள்ளூர் இளைஞர்களுக்கு நிரந்தர வேலை கொடு! வெளிமாநிலத் தொழிலாளிக்கும் அதே கூலி, அதே பாதுகாப்பு கொடு!

ஆறாவது கோரிக்கையின் கடைசி வரியைப் படித்துவிட்டு, "வடநாட்டுக்காரனுக்கு நாம் ஏன் பேசணும்?" என்று கேட்கிற தம்பிகள் இருக்கிறார்கள். தம்பி, அவன் மலிவாக இருக்கிற வரைக்கும் உனக்கு வேலை கிடைக்காது. அவனுக்கும் சமக் கூலி என்று ஆனால், முதலாளிக்கு அவனைத் தேடிப் போகிற அவசியமே இருக்காது. நியாயமும் நமக்கு லாபமும் இங்கே ஒரே வரப்பில்தான் நடக்கின்றன.

கும்மிடிப்பூண்டி வட்டாட்சியர் அலுவலகம் முன்பு நடக்கும் ஆர்ப்பாட்டத்துக்கு ஊருக்கு ஊர் வண்டி கட்டி வாருங்கள். தேதியும் நேரமும் கிளைச் சங்கங்களில் அறிவிக்கப்படும். வரும்போது ஒவ்வொரு ஊரும் தன் புறம்போக்குப் பட்டியலை எழுதிக் கொண்டுவர வேண்டும். சூளையிலிருந்தும் ஆலையிலிருந்தும் விடுபட்டு நம்ம ஊர்களில் குடியிருக்கிற இருளர் குடும்பங்களை நேரில் போய் அழையுங்கள். அவர்கள் கூட்டத்தின் ஓரத்தில் நிற்கக் கூடாது, மேடையில் பேச வேண்டும்.

மேய்க்காலைக் காப்போம்! ஏரியைக் காப்போம்!
அடிமைக் கூலிக்கு முடிவு கட்டுவோம்!
நெல்லுக்கு விலை, உழைப்புக்குக் கூலி – இரண்டும் சேர்த்தே கேட்போம்!